கைபடாத பொம்மை

நின்றுபோன இதயத்தை, நெஞ்சை அமுக்கி ஓடவைக்கப் பழகும் பொம்மை ஒன்று அந்த மருத்துவக் கல்லூரியில் இருந்தது. துறைத் தலைவர் சோலையப்பன் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துவிட்டுப் பாடத்தைப் படம் போட்டே நடத்தினார். ஒருநாள் அலமாரி திறந்து கிடந்தது. பொம்மையின் நெஞ்சு தேய்ந்திருந்தது. பக்கத்தில் கையில் கொண்டை ஊசியோடு மாணவி இசக்கியம்மாள்.

“படத்துல பார்த்தது மறுநாளே மறந்துடுது சார். அதான் எல்லாரும் அமுக்கிப் பழகினோம்.”

“நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். இல்லேன்னா நீ பரீட்சை எழுதமாட்டே.”

தேய்ந்த ரப்பர் திரும்ப வளருமா? “சரி சார்” என்றாள் இசக்கி.

மறுநாள் ஆய்வாளர் அம்மா வந்து பார்த்தபோது, அலமாரிக்குள் பொம்மை வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டிதான் டேப் ஒட்டி இருந்தது.

“பெட்டியே பிரிக்கலையா? பிள்ளைங்க எதுல பழகினாங்க? உங்க துறைக்கு எப்படி அனுமதி தர்றது?”

சோலையப்பன் இசக்கியை முறைத்தார்.

“வாங்கின அன்னைக்கு இப்படித்தான் சார் இருந்துச்சு” என்றாள் அவள் பணிவாக.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். சோலையப்பன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“நெஞ்சு தேயற அளவுக்குப் பழகின பொம்மை மேடம் அது. பிரிச்சுக் காட்டும்மா.”

இசக்கி கொண்டை ஊசியால் டேப்பைக் கிழித்தாள். ஆய்வாளர் கைகாட்டிய மாணவர்களெல்லாம் மண்டியிட்டு அமுக்கினார்கள். சரியாக அமுக்கினால் மட்டும் எரியும் பச்சை விளக்கு ஒவ்வொருவருக்கும் எரிந்தது.

“நல்லாப் பழகியிருக்காங்க. அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

துறைத் தலைவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “இனிமே இவகிட்டதான் மேடம்.”

இசக்கி அதை வாங்கிக்கொண்டு, கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாள்.