ஒரே மூச்சில் ஒரு கேள்வி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மிச்சப் பற்களும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்! நெஞ்சிலடித்துச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

மலையடிவாரத்து மடத்தில் தாண்டவராயர் என்று ஒரு சீடர். வயது அறுபத்தைந்து. குருவுக்கோ நாற்பதுதான். தாண்டவராயர் ஒரே மூச்சில் கேள்வி கேட்பார். அவர் முடிப்பதற்குள் உலையில் போட்ட அரிசி வெந்து, வடிந்து, ஆறியும் போயிருக்கும்.

அவருக்கு இருமல் பிடித்தது. முதல் வாரம் மலைக்குரங்குகள் ஊரைக் காலி செய்தன. இரண்டாம் வாரம் மலையே ஓரடி தள்ளி உட்கார்ந்தது. மூன்றாம் வாரம் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. சுக்கு, திப்பிலி, தேன் எதற்கும் அடங்கவில்லை.

மடத்தில் சேர்ந்த அன்று, "இனி இந்த உடம்பு எனக்கு யாரோ" என்று எல்லார் முன்னாலும் மருந்துச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டவர் அவர். இப்போது எந்த முகத்தோடு டாக்டரிடம் போவது? குருவிடம் கேட்டுப் பார்த்தார்.

"சாமி, உடம்பைத் துறந்தவன் இருமலை எதுவரை..." இருமல். "எதுவரை பொறுக்கலாம், எப்போது..." மறுபடியும் இருமல். விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசாகக் கேளும், ஐயா. உம் வழக்கப்படி ஒரே மூச்சில்."

மூன்று தடவை முயன்றார். மூன்றாம் தடவை "சாமி" வரைதான் வர முடிந்தது. நெஞ்சுக்குள் வீச் வீச்சென்று பூனைக்குட்டி கத்தியது.

"உம் துண்டு எங்கே?" என்றார் குரு.

"துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்."

"மூன்று நாளாக நீரே துவைக்கிறீராமே. என்ன கறை?"

தாண்டவராயர் தரையைப் பார்த்தார். "கொஞ்சம்தான் சாமி. சளியில்... கோடு மாதிரி, ரத்தம்."

குரு செருப்பை மாட்டினார். "எழுந்திரும். டவுன் பஸ் வருகிற நேரம்."

"நாளைக்குப் போகலாமே..."

"இப்போது."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இளைப்பு கொஞ்சம் அடங்கியதும், தாண்டவராயர் மெல்லக் கேட்டார்: "உடம்பு பொய்யென்று... நீங்கள்தானே சாமி சொன்னீர்கள்?"

"சொன்னேன். சொல்லும்போது எனக்கு மூச்சு முட்டவில்லை."

தாண்டவராயர் குருவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

கேட்டாயிற்று அல்லவா? யார் சொன்னது என்று மடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தால், காற்றுவாக்கில் வந்ததென்று சொல்லிவிடுங்கள். என் பெயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.