நீங்கன்னு சொன்ன பையன்

எங்க குருவுக்கு வயசு இருபத்தேழு. எனக்கு முப்பத்தொண்ணு.

அவங்க பேரு பெனிட்டா. சாலிகிராமத்துல ஒரு டப்பிங் ஸ்டுடியோவுல டைரக்டர். நான் அவங்ககிட்ட வசனம் எழுதக் கத்துக்கிட்டிருந்தேன். நான் மேடம்னு கூப்பிடுவேன். அவங்க அம்சா அக்கான்னு கூப்பிடுவாங்க.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு ஜப்பான் அனிமே தொடர் வந்துச்சு. இருபத்திநாலு எபிசோடு. தமிழ் வசனம் முழுக்க என்னோடது. டைட்டில்ல முதல் தடவையா 'அம்சவேணி'ன்னு வரப்போகுது. எங்க வீட்டுல நான் இதச் சொல்லாத ஆளே பாக்கி இல்ல.

கதை இதான். பனிமலை மேல ஒரு வானிலை நிலையம். அங்க வேல பாக்கறவரு ரெண்டாவதா கல்யாணம் பண்ணி கயேதேன்னு ஒரு பொண்ணக் கூட்டிட்டு வர்றாரு. ரெண்டாவது எபிசோடுல பனிச்சரிவுல செத்துப்போறாரு. மிச்சம் இருக்கறது அவரோட பன்னெண்டு வயசுப் பையன் ரென், அப்புறம் அந்தப் பொண்ணு. தெனமும் சாயங்காலம் காத்து என்ன வேகத்துல அடிக்குதுன்னு கீழ ஊருக்கு வயர்லெஸ்ல சொல்லணும். ரெண்டு பேரும் சேந்து சொல்றாங்க. இருபதாவது எபிசோடு வரைக்கும் சொல்றாங்க.

இருபத்தொண்ணுல அவ பொட்டியக் கட்டிட்டுக் கெளம்பறா. இந்தப் பையனுக்கு நாம வேணாம்னு அவளுக்குத் தோணிப்போச்சு. கதவத் தொறக்கறா. பின்னாலேர்ந்து பையன் "போகாத"ங்கறான்.

அவ்ளோதான். அவ அப்படியே பனியில ஒக்காந்து ஒன்றர நிமிஷம் அழறா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"மேடம், இது ஏமாத்து வேலை."

"எது?"

"இந்த அழுகை. இருபது எபிசோடா அவன் அவகிட்ட முகம் குடுத்துப் பேசல. காத்த அளந்தாங்க, கஞ்சி குடிச்சாங்க. திடீர்னு ஒரு வார்த்தை, பின்னால வயலினு, ஒடனே நாம கர்ச்சீப்ப எடுக்கணுமா? ஒரு பாடும் படாம கண்ணீர் மட்டும் கேக்கறாங்க."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"நாளைக்கும் சொல்வேன்."

"என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

காகிதத்த நீட்டினேன். அந்த ஷாட்டுல ரென்னோட முதுகுதான் தெரியும். வாய் தெரியாது. என்ன வேணா பேச வைக்கலாம். அதனால ஆறு வரி எழுதிட்டு வந்திருந்தேன். 'போகாத. முதல்ல ஒன்ன எனக்குப் பிடிக்கல. ஆனா நான் காய்ச்சல்ல கெடந்தப்ப நீ கண்ண மூடாம ஒக்காந்திருந்த...' இப்படிப் போகும்.

சவுண்டு இன்ஜினியர் குணாளன் அண்ணன் எட்டிப் பாத்தாரு. "முற்றுப்புள்ளி எங்க இருக்கும்மா? பையனுக்கு மூச்சு முட்டிரும்."

"நீங்க பட்டன அமுக்குங்கண்ணே."

மேடம் படிச்சாங்க. காகிதத்தக் கீழ வச்சாங்க.

"உங்க மாமியார் எங்க இருக்காங்க?"

"அரக்கோணத்துல. எதுக்கு?"

"கல்யாணம் ஆகி எத்தன வருஷம்?"

"ஆறு. எதுக்கு மேடம்?"

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க. 'நீ சாப்டியா'ன்னு கேளுங்க."

"யார, எங்க மாமியாரயா? நீன்னா?"

"ஒரு வார்த்தைதான, அக்கா."

நான் வாயாடி. கண்டக்டர்லேர்ந்து காலேஜ் பிரின்சிபால் வரைக்கும் ஒருத்தரையும் விட்டதில்ல. போட்டேன்.

"சொல்லு அம்சா."

"அத்தை..."

"என்னம்மா? ஒடம்புக்கு ஏதாவது?"

"இல்ல. வந்து... நீ..."

"என்னது?"

"நீ... நீங்க சாப்டீங்களா அத்தை?"

"மணி பதினொண்ணு. இப்ப எந்தச் சாப்பாடு? வேல பாக்கற எடத்துல வெயில் ஜாஸ்தியா?"

கட் பண்ணிட்டாங்க. குணாளன் அண்ணன் சிரிச்ச சிரிப்புல ஹெட்போன் கழண்டு விழுந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால வசுந்தராக்காவும் வாயப் பொத்திக்கிட்டு நின்னாங்க. ரென்னுக்குக் கொரல் குடுக்கறவங்க அவங்கதான். நாப்பத்தஞ்சு வயசு. சின்னப் பசங்க கொரலெல்லாம் எங்க வேலையில பொம்பளைங்கதான் பேசுவாங்க.

மேடம் சிரிக்கல.

"ஏன் வரல?"

"நல்லாருக்காது மேடம்."

"திட்டுவாங்களா?"

"அவங்க அப்படி இல்ல."

"பின்ன?"

யோசிச்சேன். "அந்த வார்த்தைக்கு நான் இன்னும் போய்ச் சேரல."

மேடம் குணாளன் அண்ணன் பக்கம் திரும்பினாங்க. "முதல் எபிசோடு போடுங்கண்ணே. ஜப்பான் கொரல் மட்டும்."

எங்களுக்கு ஸ்கிரிப்ட் இங்கிலீஷ்ல வரும். அதப் பாத்துத்தான் தமிழ்ல எழுதுவேன். ஒரிஜினல் கொரல நான் வாயசைவு பாக்கத்தான் ஓட விடுவேன். காது குடுத்துக் கேட்டதே இல்ல.

ரென் பேசினான். ஒவ்வொரு வாக்கியமும் 'மஸ்'ஸுனு முடிஞ்சுது. இல்லன்னா 'தெஸ்'.

"ஏழு போடுங்க."

மஸ். தெஸ்.

"பதினாலு."

மஸ்.

"இருபத்தொண்ணு."

கதவு தொறந்துச்சு. காத்து. பையன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதுக்குப் பின்னால மஸ் இல்ல, தெஸ் இல்ல, ஒண்ணுமே இல்ல. துணியில்லாம வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. ஆனா ஆறு வருஷமா மருமகளா இருக்கேன். அந்த மஸ்ஸும் தெஸ்ஸும் நம்ம 'ங்க' மாதிரி மரியாதை வாலுன்னு புரிஞ்சிருச்சு.

முதல் எபிசோடு ஸ்கிரிப்ட எடுத்தேன். இங்கிலீஷ்ல எல்லா எடத்துலயும் 'யூ'. ரென்னுக்கு நான் எழுதின முதல் வரி: 'நீ யாரு? எங்கப்பா எங்க?' ரெண்டாவது: 'நீ செஞ்ச சாப்பாடு எனக்கு வேணாம்.' அடுத்த பக்கம் நீ. அதுக்கடுத்த பக்கம் நீ. எங்க வீட்டுல நான் எங்கம்மாவ நீன்னுதான் கூப்பிடுவேன். யோசிக்கவே இல்ல. கை அதுவா எழுதிருக்கு.

முதல் நாளே அவன நான் அவ மடியில ஒக்கார வச்சுட்டேன். அப்புறம் இருபத்தொண்ணுல அவன் எங்கேர்ந்து நெருங்கி வருவான்?

கோவம் மட்டும் எறங்கல. அது போக ஒரு எடம் வேணுமே.

"இருபது எபிசோடு ரெக்கார்டிங்ல ஒக்காந்து கேட்டீங்கல்ல? அப்ப தெரியலியா உங்களுக்கு? இதுக்கா டைரக்டரு?"

குணாளன் அண்ணன் டீ வாங்கற சாக்குல எழுந்து போயிட்டாரு.

"தெரியல," அப்படின்னாங்க மேடம். "நானும் எங்கம்மாவ நீன்னுதான் சொல்வேன். நேத்து நீங்க திட்டிட்டுப் போனீங்களே, அப்புறந்தான் ஒரிஜினலக் கேட்டேன்."

மல்லுக்கு நின்னேன், எதிர்ல ஆள் இல்ல.

"இப்ப என்ன மேடம் பண்றது? திங்கக்கிழம சேனலுக்குப் போகணும்."

"பத்து நாள் கேட்டு மெயில் போட்டாச்சு. என் தப்புன்னு எழுதிருக்கேன்."

"எழுதினது நான்."

"டைரக்டர் யாரு?"

"நீங்க."

"அப்ப?"

அந்த ஆறு வரிக் காகிதத்த நானே கிழிச்சேன். யாரும் சொல்லல.

மறுபடியும் முதல் எபிசோடுலேர்ந்து ஆரம்பிச்சோம். ரென் பேசற எடம் மட்டும். இருபத்தொண்ணுல வர்ற அந்த 'போகாத'வத் தவிர எல்லா 'நீ'யையும் 'நீங்க' ஆக்கணும். வாயசைவு ஒத்துவராதுன்னு பயந்துக்கிட்டே போனேன்.

நடந்தது வேற. முன்னெல்லாம் நான் 'வா'ன்னு எழுதினா, வார்த்தை முடிஞ்சப்புறமும் அந்தப் பையன் வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கும். அத மூட 'ஏய்', 'இங்க பாரு', 'சீக்கிரம்'னு எதையாவது சொருகுவேன். அதுல எனக்குப் பெரிய கெட்டிக்காரின்னு நெனப்பு வேற. இப்ப வசுந்தராக்கா 'வாங்க'ன்னு சொன்னாங்க. வாயும் வார்த்தையும் ஒண்ணா மூடுச்சு. 'வச்சுட்டுப் போங்க.' மூடுச்சு. 'கதவச் சாத்துங்க.' மூடுச்சு.

அந்த எடமெல்லாம் ஜப்பான்காரங்க மரியாதைக்குன்னு விட்டு வச்ச எடம். நான் குப்பையக் கொட்டி நெரப்பிருந்தேன்.

அப்புறந்தான் நான் அந்தத் தொடரப் பாத்தேன். ஆறு மாசமா எழுதினேனே தவிர பாக்கல.

ஒம்பதாவது எபிசோடுல அவனுக்குக் காய்ச்சல். கஞ்சி கொண்டாந்து தர்றா. 'வச்சுட்டுப் போங்க'ங்கறான். அவ வச்சுட்டுப் போறா, ஆனா கதவுக்கு அந்தப் பக்கமே ஒக்காந்துக்கறா. கதவுக்கடியில அவ நெழல் தெரியுது. அவன் கஞ்சியக் குடிக்கறான், அந்த நெழலப் பாத்துக்கிட்டே. ஒரு வசனம் கெடையாது. முன்ன இத நான் 'டயலாக் இல்ல, ஜாலி'ன்னு தாண்டிப் போயிருந்தேன்.

பதிமூணுல வயர்லெஸ்ல காத்து வேகம் சொல்லிட்டு, அணைக்கறதுக்கு முன்னால, 'இன்னிக்கு அளந்தது கயேதே'ன்னு சேத்துச் சொல்றான். அவ பக்கம் திரும்பல. அவ கையில தட்டு. தட்டு மட்டும் லேசா ஆடுது.

பதினேழுல அவ ஈர பூட்ஸ அடுப்போரமா வச்சிருக்கான். 'உங்க பூட்ஸ் காஞ்சிருச்சு'ன்னுட்டு ஓடிப்போறான்.

"அம்சா, இந்த 'உங்க' முதல் எபிசோடு 'உங்க' இல்ல," அப்படின்னாங்க வசுந்தராக்கா, மைக்குலேர்ந்தே.

"எப்படிக்கா?"

"அப்ப கிட்ட வராதேன்னு சொன்னான். இப்ப பயந்துக்கிட்டு சொல்றான். ஒரு எழுத்து கொறச்சாலும் இவ போயிருவாளோன்னு."

அதே 'நீங்க'வ அவங்க மூணு விதமாச் சொன்னாங்க. பேப்பர்ல நான் ஒண்ணுதான் எழுதிருந்தேன்.

ஒம்பதாவது நாள் இருபத்தொண்ணு வந்துச்சு. 'போகாத.' ஒரே டேக். பயந்துக்கிட்டு இல்ல, கெஞ்சிக்கிட்டும் இல்ல. பெத்தவகிட்ட கோச்சுக்கற பையன் மாதிரி சொன்னாங்க. குணாளன் அண்ணன் ஸ்டாப் அமுக்கல. எட்டு செகண்டு வெறும் மூச்சு ஓடுச்சு.

"அத வெட்டிரவா மேடம்?" அப்படின்னாரு.

"இருக்கட்டும்."

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். கர்ச்சீப் கொண்டு வரல.

பத்தாவது நாள் அனுப்பினோம். அதுக்கு மூணாவது நாள் சேனல்லேர்ந்து மெயில் வந்துச்சு. அங்க சரிபாக்கறவரு எழுதிருந்தாரு: 'நாலு எபிசோடு பார்த்தேன். மகன் அம்மாவை நீங்க என்று கூப்பிடுவது ஒட்டவே இல்லை. வசனம் எழுதியவருக்குப் பேச்சுத் தமிழ் பழக்கம் இல்லை போலிருக்கிறது. வேறு ஆளை வைத்து மாற்றி எழுதுங்கள். டைட்டிலிலும் பெயரை மாற்றிவிடுங்கள்.'

பேச்சுத் தமிழ் பழக்கம் இல்லியாம். எனக்கு.

ஒக்காந்து பதில் அடிச்சேன். முழுசா ஒரு பக்கம். மஸ், தெஸ், மாமியார், வாயசைவு, பூட்ஸ், எல்லாம் எழுதினேன். கடைசில, 'ஐயா, காது இருந்தா இருபத்தொண்ணாவது எபிசோடைக் கேளுங்க, அவன் நீன்னு சொல்வான்'னு முடிச்சேன். மேடம்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்.

நிதானமாப் படிச்சாங்க.

"நல்லா எழுதிருக்கீங்க."

"அனுப்பவா?"

"அவரு எத்தன எபிசோடு பாத்திருக்காரு?"

"நாலு."

"நாலாவதுல ரென் எப்படி இருக்கான்?"

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். பாக்கறவனுக்கே எரியும்."

"அவருக்கு எரிஞ்சிருக்கு."

"மேடம், அவருக்கு எரியறது பையன் மேல இல்ல, என் மேல. என் பேர எடுக்கச் சொல்றாரு."

"ஆமா."

"அதனாலதான் வெளக்கறேன். இருபத்தொண்ணுல என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சா அடங்கிருவாரு."

"அடங்கிருவாரு. ஆனா முன்னாலயே தெரிஞ்சுட்டா இருபத்தொண்ணுல அவருக்குக் கண்ணுல தண்ணி வராது."

அடிச்சத இன்னொரு தடவ பாத்தேன்.

"பாதியிலயே நிறுத்திட்டாருன்னா? இருபத்தொண்ணு வரைக்கும் வராமலே போயிட்டாருன்னா?"

மேடம் லேப்டாப்ப என் பக்கமாத் திருப்பி வச்சாங்க. அனுப்பற பட்டன் என் வெரலுக்குக் கீழ இருந்துச்சு.

"அந்த பயம் ரென்னுக்கும் இருந்துச்சு அக்கா. இருபது எபிசோடா. அவன் யாருக்காவது லெட்டர் எழுதி வெளக்கினானா?"