யானைமடு அனுப்பிய சரளை

வானத்தை நம்பி விதைக்கிற சீமை ஒன்றில், ஒரே ஓடையில் கோத்த மாதிரி மூன்று நீர்நிலைகள் கிடந்தன. மேற்கே இருந்தது யானைமடு, பெரிய கண்மாய். நடுவில் கொக்காடி. கிழக்கே கடைசியில் குருவி ஏந்தல். சின்னக் கண்மாயை அந்தப் பக்கத்தில் ஏந்தல் என்பார்கள்.

எந்த ராசா வெட்டினான் என்று தெரியாது. பேர் பொறித்த கல்லை யாரோ துணி துவைக்கத் தூக்கிப் போய், அடித்து அடித்து எழுத்து தேய்ந்து போச்சு. வெட்டியவன் யாரானாலும் விவரமானவன். ஆறு எட்டிப் பார்க்காத மண் இது. மழை வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. அதனால் மேலே இருப்பவன் நிறைந்ததும் மிச்சத்தைக் கீழே விட்டாக வேண்டும் என்று, கரையின் ஓரத்தில் தாழ்வாகக் கல் அடுக்கிக் கலுங்கு கட்டிவிட்டுப் போனான். கலுங்கின்மேல் வழிந்து ஓடுகிற தண்ணீருக்கு மறுகால் என்று பேர்.

ஒரு கண்மாய் கத்தினால் இன்னொன்றுக்குக் கேட்காது, அத்தனை தூரம். மறுகால்தான் அவற்றுக்குப் பேச்சு. யானைமடு சௌக்கியமாக இருந்தால் தண்ணீரில் நாவல் இலை மிதந்து வரும், அயிரைக் குஞ்சு துள்ளி வரும். கொக்காடி அதை வாங்கி வைத்துக்கொண்டு, தன் பங்குக்குத் தாமரை விதையும் நத்தைக் கூடும் போட்டுத் தங்கச்சி குருவிக்கு விடும். பேச்சு எப்போதும் மேலிருந்து கீழே. பதில் என்று ஒன்று ஏறி வந்ததே கிடையாது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதும் இல்லை.

ஒரு வருசம் யானைமடுவின் மறுகால் செக்கச்செவேல் என்று வந்தது. இலை இல்லை, மீன் இல்லை, வண்டல்கூட இல்லை. வெறும் சரளை. அது கொக்காடியின் அடிவயிற்றில் வந்து விழுந்து மேடு கட்டியது.

கொக்காடிக்குப் பொசுக்கென்று கோபம் வரும். "பாத்தியா அவன் பண்ணுன வேலைய! கூடப்பிறந்தவன் வயித்துல மண்ணள்ளிப் போடுறான்!" என்று கத்தியது.

"என்ன சங்கதின்னு தெரியாம ஏசாத" என்றது அதன் கரை.

"என்ன தெரியணும்? நல்ல தண்ணிய அவன் வச்சுக்கிட்டு, கழிவை எனக்குத் தள்ளிவிடுறான். இம்புட்டுத்தான் சங்கதி."

அதற்குப் பிறகு மேலேயிருந்து ஒரு சொட்டு வரவில்லை. வருசங்கள் போயின. கொக்காடியின் தரை பாளம் பாளமாக வெடித்தது. சீமைக் கருவேலம் கேட்காமல் கொள்ளாமல் வந்து குடியேறியது. எப்போதாவது ஆடு வரும், நெற்றைத் தின்னும், போகும். கொக்காடி பகலெல்லாம் மேற்கே பார்த்துக்கொண்டு, யானைமடுவை எப்படியெல்லாம் ஏசலாம் என்று யோசித்து வைத்துக்கொண்டது. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நல்ல நல்ல வார்த்தையெல்லாம் கைவசம் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. "எனக்குக் குடுக்காதவன் இருக்கப்ப நான் மட்டும் ஏன் குடுக்கணும்? இனி என் வாயிலருந்து ஒரு வார்த்தை கீழ போகாது."

கொக்காடி ஊர்க்காரர்களுக்கும் இந்த முடிவு வசதியாகத்தான் இருந்தது. அத்திப்பூத்தாற்போல் கண்மாய் நிறைகிற வருசத்தில் கலுங்கின்மேல் பனம்பலகையை அடுக்கி, சந்தில் களிமண் அப்பி மறித்துவிடுவார்கள். தண்ணீர் கூட நிற்கும், கீழே போகாது. கொக்காடி அதைப் பார்த்துச் சிரிக்கும்.

கலுங்குக்கு மட்டும் பொறுக்காது. "வழிய விடத்தான் என்னைக் கட்டி வச்சாக. தலையில பலகைய வச்சு மறிச்சா நான் கலுங்கு இல்ல, குட்டிச்சுவரு" என்று முனகும்.

இந்த வருசம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேற்கே கொட்டி, கொக்காடியில் கொட்டி, அத்தோடு நின்றுவிட்டது. குருவி ஏந்தல் பக்கம் புழுதிகூட அடங்கவில்லை. கொக்காடி நிறைந்து பலகை விளிம்பைத் தொட்டது. வயலுக்குத் தண்ணீர் பிரித்து விடுகிற நீர்பாய்ச்சி சோணையைக் கலுங்குக்குக் காவல் வைத்தது ஊர்.

பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில், குருவி ஏந்தலிலிருந்து இருளாயி வந்து சேர்ந்தாள். முழங்கால்வரை புழுதி.

"ஏண்ணே, இம்புட்டுத் தண்ணியக் கட்டி வச்சு என்ன செய்யப் போறீக? ஊரோட நீச்சல் பழகப் போறீகளா?"

"வா ஆத்தா. வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?"

"புழுதியில வெதச்ச நெல்லு ஆவணித் தூத்தல்ல மொளச்சு முழங்கால் உசரத்துக்கு வந்து நிக்குதுண்ணே. இன்னும் ஒரு நனைப்பு கிடைக்கலேன்னா மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான். பலகைய எடுங்க."

"ஊர் வச்ச பலகை. நான் எடுக்க முடியாது."

"பாதிய எடுங்க."

"முடியாதுங்கிறேன்."

"சரி, எனக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம். மேல இருக்கிற ஒத்தப் பலகைய மட்டும் எடுங்க. அதுல உங்க கண்மாய் வத்திப் போகுமா?"

"இன்னைக்கு ஒத்தப் பலகைம்ப. நாளைக்குக் கலுங்கையே பேத்துட்டுப் போயிருவ."

"உங்க கலுங்க வச்சு நான் அம்மியா அரைக்கப் போறேன்?"

சோணைக்குச் சிரிப்பு வந்தது. துண்டால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டான். ஆனால் பலகையில் கை வைக்கவில்லை. இருளாயியும் போகவில்லை. கலுங்கு ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கொக்காடிக்கு ஒரே குஷி. "அப்படிச் சொல்லு சோணை! மேலயிருந்து எனக்கு வந்தது சரளை. வேணும்னா அத அள்ளிட்டுப் போகச் சொல்லு."

"எனக்கு விலா நோகுதுய்யா" என்றது கரை. "நீ இதுக்கு மேல ஏறுனா நான் உடைஞ்சிருவேன். உடைஞ்சா கீழ உள்ளவளுக்கும் கிடைக்காது, உனக்கும் மிஞ்சாது."

"உடைஞ்சாலும் உடைவேனே தவிர, விட மாட்டேன்."

அப்போது மேற்கே, முன்னே யானைமடுத் தண்ணீர் வந்த, இப்போது தூர்ந்து கிடந்த வரத்துக்காலில் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. கருவேலத் தூருக்கு இடையே நுழைந்து, ஒரு பாம்பு தண்டிக்கு மெலிசாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கறுப்பு நிறம். சோப்பு வாடை. முன்னால் ஒரு பால் பாக்கெட் உறை.

கொக்காடி நிமிர்ந்து உட்கார்ந்தது. "வந்துட்டானா! இப்பத்தான் துரைக்கு ஞாபகம் வந்துச்சோ? என்ன சொல்லி விட்டான்?"

"யாரு?" என்றது தண்ணீர்.

"யாரா? யானைமடு!"

"யானைமடு நகரா? அங்கயிருந்துதான் வாரேன். மொட்டை மாடியில விழுந்தேன், குழாய் வழியாத் தெருவுக்கு வந்தேன். சாக்கடை நிறைஞ்சு போச்சு. எங்கிட்டுப் போறதுன்னு முழிச்சேன். ஏதோ பழைய பள்ளம், அது பாட்டுக்கு இழுத்துட்டு வந்து இங்க விட்டுருச்சு."

"நகரைக் கேக்கல. கண்மாய் எங்க? யானைமடுக் கண்மாய்?"

"கண்மாயா? அப்படி ஒண்ணையும் நான் பாக்கலையே. வீடு இருக்கு, கடை இருக்கு, பேரு எழுதுன வளைவு ஒண்ணு இருக்கு." தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. "ஒரு வீட்டுல குழி தோண்டுனாக. மேல ஆள் உசரத்துக்குச் செஞ்சரளை. அதுக்குக் கீழ நத்தைக் கூடாக் கிடந்துச்சு. முன்னாடி இங்க ஏதோ பள்ளம் இருந்துச்சாம், லாரி லாரியாச் சரளை அடிச்சு மூடுனாகளாம். அப்படித்தான் பேசிக்கிட்டாக."



கொக்காடி தன் அடிவயிற்றில் கிடந்த சரளை மேட்டைத் தடவிப் பார்த்தது. இத்தனை வருசமும் அதைக் காறித் துப்பிக்கொண்டிருந்தது. யானைமடுவை உயிரோடு மூடுகிறார்கள், வாய் நிறைய மண், அந்த மண்ணோடு கலுங்குவரை ஏறி வந்து, கடைசியாக ஒரு தடவை தம்பியிடம் பேசப் பார்த்திருக்கிறான். என்ன சொல்ல வந்தானோ. கேட்டவனுக்கு ஏசத்தான் தெரிந்தது.

"என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றது கரை.

"நான் குருவிகிட்டப் பேசி எம்புட்டு நாளாச்சு?"

"அவன் உன்கிட்டப் பேசாததுலருந்து."

"அவளும் அங்க உக்காந்து என்னைய ஏசிக்கிட்டுத்தான் இருப்பா."

"ஏசுனா பரவாயில்லையே" என்றது கரை. "நீயும் மண்ணுக்குள்ள போயிட்டேன்னு நெனச்சிருந்தா?"

வாழ்நாளில் முதல் தடவையாகக் கொக்காடி காற்றைக் கெஞ்சிக் கூப்பிட்டது. "ஏப்பா, ஒரு கை குடு. இந்தப் பலகையத் தள்ளணும்."

"எனக்கு என்ன தருவ?"

வேறு நாளாக இருந்தால் கொக்காடி பேரம் பேசியிருக்கும், வாதாடியிருக்கும், காற்றையே கடன்காரனாக்கி அனுப்பியிருக்கும். இன்றைக்கு, "தர ஒண்ணுமில்ல" என்றது.

"இப்பத்தான் ஒழுங்காப் பேசுற" என்று காற்று திரும்பியது. அலை எழும்பிப் பலகையில் மோதியது. களிமண் கரைந்தது. இன்னொரு அலை. மேல் பலகை படக்கென்று விலகி நின்றது.

சோணை பாய்ந்து போய் அதைக் காலால் மிதித்தான். ஒரு மிதி மிதித்தால் பழையபடி உட்கார்ந்துவிடும். மிதித்த காலுக்கடியில் தண்ணீர் திமிறுவது அவனுக்குத் தெரிந்தது.

"அதுவா போகணும்னு நிக்குதுண்ணே. நீங்க ஏன் மறிக்கிறீக?" என்றாள் இருளாயி. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

சோணை அவளைப் பார்த்தான், ஊர்ப்பக்கம் பார்த்தான். காலை எடுத்துக்கொண்டான். "பனம்பலகை உளுத்துப் போச்சுன்னு சொல்லிக்கிறேன், போ. அடுத்த தடவையாச்சும் காலு கையக் கழுவிட்டு வா."

"தண்ணிய விடுங்க, கழுவிக்கிறேன்."

மறுகால் பாய்ந்தது. கலுங்கு எத்தனையோ வருசத்துக்குப் பிறகு கடகடவென்று சிரித்தது. இருளாயி ஓடுகிற தண்ணீருக்கு முன்னாலேயே ஓடினாள், குலவை போட்டுக்கொண்டே. கொக்காடி தாமரை விதையும் நத்தைக் கூடும் போட்டு அனுப்பியது. கூடவே அந்த மேட்டிலிருந்து கொஞ்சம் சரளையையும் கரைத்து விட்டது. அது யானைமடுவின் வார்த்தை. குருவிக்கும் போய்ச் சேர வேண்டியதுதானே.

குலவைச் சத்தம் கிழக்கே தேய்ந்து தேய்ந்து, கேட்காமல் போனது. கொக்காடி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது.

தண்ணீர் குருவி ஏந்தலை எட்டியபோது, வெடித்துக் கிடந்த அந்தத் தரை ஏசவில்லை. "எங்கண்ணன் கொக்காடி உசுரோட இருக்காகளா?" என்றுதான் முதலில் கேட்டது.

"இருக்காக" என்றது தண்ணீர்.

"அப்பாடா! நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன். ஓடிப் போய், நானும் இருக்கேன்னு அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு."

தண்ணீர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. மேடாக இருந்தது.