ஒரு மாதத்து இட்லி

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றூரைக் கனகசேன ராஜா ஆண்டுவந்தார். அந்தப் பௌர்ணமிக் காலையில் சபையில் இருந்தவர்கள்: ராஜா, மந்திரி திருவேகம்பர், மல்லர் தலைவன் வீரகண்டன், வைத்தியர், சமையற்காரன் சாத்தப்பன், சாமரம் வீசும் இருவர். ஆக ஏழு பேர். தூணில் சாய்ந்து தூங்கிய காவலனைச் சேர்க்கவில்லை.

ராஜாவுக்குத் தொந்தி இறங்க வேண்டும். தினமும் உடம்பை வருத்துவது குடிகளின் வேலை, ராஜா ஒரு மாதத் தண்டாலையும் பௌர்ணமியன்றே எடுத்து முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் வீரகண்டன். ராஜாவும் அப்படியே செய்வார். பிறகு பத்து நாள் வைத்தியரின் எண்ணெயில் ஊறிக் கிடப்பார். தொந்தி இருந்த இடத்திலேயே இருந்தது.

திருவேகம்பருக்கு வயது அறுபத்தெட்டு. விடியற்காலையில் குளத்தை ஒரு சுற்று நடப்பார், அவ்வளவுதான். அவர் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தின்மேல் வீரகண்டனுக்கு வெகுநாளாகக் கண்.

"குளக்கரையில் உலாத்துகிறவர் கையிலா ராஜ்யம்? இன்று அவரும் ஒரு மாதத் தண்டால் எடுக்கட்டும், மகாராஜா. முடியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றட்டும்" என்றான்.

ராஜா தலையாட்டிவிட்டார். திருவேகம்பருக்கு அப்போதே முழங்கால் வலித்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். முதலில் பலகாரம் ஆகட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, சாத்தப்பன் காதில் ஏதோ சொன்னார்.

அரண்மனை அடுப்புகள் அத்தனையும் எரிந்தன. ராஜா இலைமுன் உட்கார்ந்ததும் நாலு பேர் ஓர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள்.

"என்னய்யா இது?"

"தங்களுக்குத் தினம் ஆறு இட்லி. ஒரு மாதத்துக்கு நூற்றெண்பது. இன்றே முடித்துவிட்டால் அடுத்த பௌர்ணமிவரை சாப்பாட்டுத் தொல்லை இல்லை, மகாராஜா" என்றார் மந்திரி.

ராஜா பிடிவாதக்காரர். பதினான்கு சாப்பிட்டார். பதினைந்தாவது வந்தபோது இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"வயிறு போதும் என்கிறது, மந்திரியாரே."

"முதுகும் மாதாமாதம் அதைத்தான் சொல்கிறது. தாங்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை."

ராஜா வைத்தியரின் எண்ணெய்க் கிண்ணத்தையே சற்றுநேரம் பார்த்தார். பிறகு வீரகண்டனுக்கு ஓர் இலை போடச் சொன்னார். அவன் இருபத்தொன்றோடு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். இனித் தினமும் மந்திரிக்குப் பின்னால் குளத்தைச் சுற்றி நடக்கும்படி அவனுக்கு உத்தரவானது.

தம் சால்வையை மந்திரிக்குப் போர்த்திவிட்டு ராஜா கேட்டார்: "நாளை நானும் வருகிறேன். ஒரு சுற்று போதுமா?"

"முதல் நாளுக்கு அரைச் சுற்றே போதும், மகாராஜா."

"சரி. உமக்கு எத்தனை இட்லி?"

"வழக்கம்போல இரண்டு."

சாத்தப்பன் எடுத்து வைத்தான். அண்டாவில் மீதி நூற்று நாற்பத்து மூன்று.