நூற்றெட்டில் எட்டு போனால்

மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு காட்டில், வற்றிப்போன ஏரிக்குள் எறும்புகள் குடியிருந்தன. ஏரி மண் வெடித்துக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. வெடிப்புகள்தான் எறும்புகளுக்குப் பாதை. சந்திக்குச் சந்தி நான்கு பாதைகள் கூடின. அப்படி ஒரு சந்தியில் அவர்கள் வீடு இருந்தது.

ஏரி நிரம்புவதற்குள் முட்டைகளை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மேடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

தலைவி சுள்ளி சொன்னாள்: "வழிக்கு ஒருத்தியாக நான்கு சந்தி தூரம் போய்ப் பாருங்கள். மேட்டைக் கண்டவள் வந்து சொல்லட்டும். போகும்போது ஒருமுறை மிதித்த சந்தியை மறுபடி மிதிக்கக் கூடாது. மிதித்தால் நம் வாசனை வட்டமாகிவிடும். பின்னால் வருகிறவர்கள் அதையே சுற்றுவார்கள்."

"மொத்தம் எத்தனை வழியாம்?" என்று கேலி செய்தது தவளை. மழை என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

"முதலில் நான்கு பக்கம். பிறகு வந்த பக்கத்தை விட்டால், சந்திக்குச் சந்தி மூன்று பக்கம். நான்கை மூன்று தடவை மூன்றால் பெருக்கினால் நூற்றெட்டு!" என்று சுள்ளி மூச்சுவிடாமல் சொன்னாள்.

நூற்றெட்டுப் பேர் கிளம்பினார்கள். சற்று நேரத்தில் எட்டுப் பேர் துள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, நல்ல இடம் கிடைத்துவிட்டது! நம் வாசனைகூட அடிக்கிறது!"

"எங்கே?"

"இதோ, இங்கேதான்!"

அது அவர்கள் வீட்டு வாசல்.

அதற்குள் முட்டை சுமந்த கூட்டம் அந்த எட்டுப் பேர் விட்ட புது வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. எறும்புக்கு வாசனை கிடைத்தால் யோசனை வராது. எல்லோரும் கட்டத்தையே சுற்றினார்கள். முதல் துளி விழுந்தது.

சுள்ளி கத்தினாள்: "வந்த பக்கம் திரும்பாவிட்டால் போதும் என்று நினைத்தேனே! சந்திக்குச் சந்தி ஒரே பக்கமாக வளைந்து போனாலும் நான்காவதில் புறப்பட்ட இடமே வருமே! நில்லுங்கள்! அந்த எட்டும் போக நூறுதான் வழி!"

யாரும் நிற்கவில்லை. சுள்ளி பாதையின் குறுக்கே படுத்தாள். மிதித்தார்கள். அவள் அசையவில்லை. முன்னால் வந்தவளின் காலைக் கவ்விப் பிடித்து நிறுத்தினாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

அப்போதுதான் மற்ற நூறு பேரில் ஒருத்தி ஓடி வந்தாள். "மருதமரத்து வேர், அக்கா! நல்ல மேடு!"

ஏரி நிரம்பியபோது முட்டைகள் எல்லாம் வேரின் மேல் இருந்தன. தவளை நீந்தி வந்து கேட்டது: "வெறும் எட்டு வழி தப்பாகப் போனதற்கா இவ்வளவு மிதி வாங்கினாய்?"

"அந்த எட்டில்தான் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள்," என்றாள் சுள்ளி.

நீதி: சின்னப் பிழைதானே என்று விட்டுவிடாதே, கண்ட இடத்திலேயே மறித்து நின்று திருத்து.