வலப்பக்கத்து முடி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு நாற்பத்தொன்று. அதனால் சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அது பழகிப்போனது.

மேடத்தின் பெயர் ஜெசிந்தா. மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி, விலங்கியல் துறை. இலைப்பேன்களைத் தவிர உலகத்தில் வேறெதிலும் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. இலைப்பேன் என்பது இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சி. ஒரு எள்ளை நீளவாக்கில் கீறினால் கிடைக்கிற கீற்று எவ்வளவோ, அவ்வளவுதான் அது.

அண்ணாச்சியின் பெயர் இசக்கிராஜன். கருக்குளம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிறார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், ஒரு பூச்சியை எவ்வளவு பாத்தா போதும்?"

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆச்சு மேடம்."

சாப்பிடவில்லை. காலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

கருக்குளத்துக் குளக்கரையில் ஒரு இத்தி மரம். அதில் சுருண்டிருந்த இலை ஒன்றை இசக்கிராஜன் பிரித்துப் பார்த்தார். உள்ளே இலைப்பேன் கூட்டம். எல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ள இனம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு மட்டும் மார்பின் மூலையில், மனுஷனுக்குத் தோள்பட்டை இருக்கிற மாதிரி ஒரு இடத்தில், நீளமாக முடி. மற்றதுகளுக்கு அங்கே முடியே கிடையாது. புது இனம் என்று முடிவு செய்தார்.

கண்ணாடிச் சில்லில் பசை வைத்துப் பூச்சியை ஒட்டினார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்தார். இலைப்பேன் வரைகிறவர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். இடது பாதியைப் பார்த்து வரைந்துவிட்டு, மெல்லிய தாளை நடுவில் மடித்து, அதையே வலது பாதியாகப் பிரதி எடுத்தார். பூச்சிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதானே. அதுவரைக்கும் அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

பிறகு விஷயம் ஊருக்குள் பரவியது. பூச்சிக்கு ஊர் பெயரையே வைக்கப்போகிறார்கள் என்று தலைமையாசிரியர் பிரேயரில் அறிவித்தார். பள்ளி வாசலில் பிளெக்ஸ் கட்டினார்கள். அதில் இசக்கிராஜன் பெரிதாக இருந்தார், பூச்சி சிறிதாக இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் படத்தைப் பார்த்துத் தாங்களே பூச்சியை வரைந்து சுவர் முழுக்க ஒட்டினார்கள். எல்லாப் படத்திலும் இரண்டு பக்கமும் முடி.

டீக்கடையில் ஒருவர் கேட்டார். "ஏன் வாத்தியாரே, நம்ம ஊர் பேரைப் போயி பேனுக்கா வைக்கது? தலையில ஏறிராதுல்லா?"

அன்றைக்கு இசக்கிராஜனும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம்தான் ஸ்லைடில் பூச்சியின் வலது பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தார்.

முடி இல்லை. உதிர்ந்திருந்தால் அது முளைத்த குழியாவது இருக்கும். குழியும் இல்லை.

ஒரு பக்கம் மட்டும் முடி என்றால் அது புது இனம் இல்லை. பழைய இனத்தில் கோணலாகப் பிறந்த ஒன்று. ஆறு விரலோடு பிறந்தவன் மனுஷன் இல்லாமல் போய்விடுவானா? இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் படத்தை மாற்றவில்லை. வேலை நெருக்கடியில் விட்டுப்போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விட்டுப்போகவில்லை. விட்டுவிட்டார்.

பிளெக்ஸைத் தாண்டிப் பள்ளிக்குள் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போனார். பிள்ளைகள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஜெசிந்தா அவர் வரைந்த படத்தை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"புது இனத்தைப் பத்தின கட்டுரை இன்னைக்குப் போகணும். பூச்சி எப்படி இருக்குங்கிற பகுதிதான் பாக்கி. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் டைப் அடிக்கேன்."

"எல்லாம் படத்துல இருக்கே மேடம்."

"படம் கெடக்கட்டும். பூச்சியைப் பாருங்க."

அவர் குனிந்தார். தலையைச் சொன்னார். உணர்கொம்பில் எத்தனை கணு என்று சொன்னார். உடம்பு கரும்பழுப்பு, கால் மஞ்சள் என்று சொன்னார். ஜெசிந்தா விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மார்பு?"

"மூலையில நீளமான முடி. நுனி மழுங்கல்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"வலது?"

"அதே மாதிரிதான்."

ஜெசிந்தா தட்டிவிட்டுத் திரையைப் பார்த்து வாசித்தார். "வலது பக்கமும் அதே மாதிரிதான் இருக்கும் என்று இசக்கிராஜன் நம்புகிறார்."

"மேடம், இப்படியா எழுதுவாங்க?"

"எழுத மாட்டாங்க. ஆனா நீங்க சொன்னது அதத்தான?"

இசக்கிராஜனுக்குக் காது சுட்டது. கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் மேடத்தைப் பார்க்க வேண்டிவரும்.

"பசை மங்கலா இருக்கு மேடம். வலது பக்கம் சரியாத் தெரியல."

"லைட்டைக் கூட்டுங்க."

கூட்டினார். தெளிவாகத் தெரிந்தது. அதற்குமேல் தெளிவாகத் தெரிய ஒன்றும் இல்லை.

ஜெசிந்தா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"முடி இல்லை," என்றார் இசக்கிராஜன்.

தட்டுகிற சத்தம்.

"உதிர்ந்துருக்குமோ?"

"குழியும் இல்லை."

மறுபடி தட்டுகிற சத்தம். பிறகு ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிற சத்தம். கட்டுரையின் தலைப்பு எழுத்து எழுத்தாக அழிவதை அவர் பார்க்காமலே கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"ஸ்லைடு என் மேசையிலதான இருந்துச்சு."

"அப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"பசை மங்கலா இருக்குன்னு."

"ம்," என்றார் ஜெசிந்தா.

இசக்கிராஜன் நாற்காலியில் சாய்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கைக்குட்டையை முகத்தை விட்டு எடுக்கவில்லை.

"பிளெக்ஸைக்கூட அவுத்துரலாம் மேடம். டீக்கடைக்காரங்க பேசுனா பேசிட்டுப் போறாங்க. அந்தப் பிள்ளைங்க சுவரு பூரா வரைஞ்சு ஒட்டிருக்குதுங்க. பிரேயர்ல நின்னு, நான் பாக்காததை வரைஞ்சேன், அப்புறம் பாத்ததை மறைச்சேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்ல வேண்டாம்."

இசக்கிராஜனுக்கு உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. உடனே, அப்படி இருந்ததே என்று மறுபடி கூசிப்போனார்.

ஜெசிந்தா ஸ்லைடை எடுத்து ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடி அவரிடம் நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போங்க. உங்க ஸ்கூல் மைக்ரோஸ்கோப்ல வைங்க. ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வந்து பாக்கட்டும்."

"பாத்துட்டு?"

"என்ன பாத்தாங்கன்னு அவங்களே சொல்லட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

பெட்டியை வாங்கக் கை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"சின்னப் பிள்ளைங்க மேடம். எதைப் பாக்கணும்னே அதுகளுக்குத் தெரியாது."

"அதனாலதான் அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா.