ஒன்றாம் எண்ணிலிருந்து வந்த பதில்

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். இன்டர்நெட் மட்டும் வரல."

இதையே அருமைநாயகம் போனிலும் சொல்லியிருந்தார்.

ஜுலேகா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேலப்பாளையத்தில் நெட்வொர்க் வகுப்பு நடத்துகிறவர். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அருமைநாயகம் அவரிடம்தான் படித்தார். வயதில் மாணவர்தான் மூத்தவர்.

"நேத்து தூங்கினீங்களா?"

"தூங்கின மாதிரியா இருக்கு?"

மேசையில் இருந்தது ஒரு கணினி. ஆனால் அதற்குள் மென்பொருளால் ஆன கணினிகள் ஒரு கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. மெயிலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, வாசலில் காவலுக்கு ஃபயர்வால் என்று ஒன்று. எது வெளியே போனாலும் ஃபயர்வாலைத் தாண்டி, வீட்டு ரவுட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாலை நாலு மணிக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று இணையம் வழியாக வந்து இந்த ஏற்பாட்டைப் பார்க்கும். பிடித்திருந்தால் வேலை. மில் மூடிய பிறகு அவருக்கு வந்த முதல் அழைப்பு அது.

"என்னல்லாம் செஞ்சு பாத்தீங்க?"

"ஃபயர்வால அழிச்சு மறுபடி போட்டேன். பழைய நம்பர், பழைய செட்டிங், ஒண்ணு விடல. கேபிள மாத்தினேன். ஜெபமும் பண்ணினேன்."

"ரவுட்டர்?"

"அதுல கொறையே இல்ல மேடம். போன வாரந்தான் வேற இன்டர்நெட் கம்பெனிக்காரன் புதுசா மாட்டிட்டுப் போனான். கூப்பிட்டா ஒடனே பதில் சொல்லுது. இந்தா பாருங்க."

மெயில் கணினியிலிருந்து ரவுட்டரின் எண்ணைத் தட்டினார். 192.168.1.1. திரையில் பதில்கள் வரிவரியாக இறங்கின.

"எத்தன தடவ இதப் பாத்திருப்பீங்க?"

"ராத்திரி பூரா. இது ஒண்ணுதான் மேடம் ஆறுதல்."

ஜுலேகா குனிந்தார். கணினியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினார்.

"அத ஏன் புடுங்குதீங்க?"

"இப்பக் கூப்பிடுங்க."

"எப்படி மேடம்? கேபிளு ஒங்க கையில இருக்கு."

"கூப்பிடுங்க."

கூப்பிட்டார்.

பதில் வந்தது. முன்பு வந்த அதே வேகத்தில், அதே எண்ணிலிருந்து.

அருமைநாயகம் திரையைப் பார்த்தார். ஜுலேகாவின் கையில் தொங்கிய கேபிளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"பேசுறது யாரு சார்?"

பதில்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

"என் ஃபயர்வால்," என்றார் கடைசியில். "அதுக்கு நான் வச்ச நம்பரும் இதுதான். பழைய ரவுட்டருக்கு வேற நம்பர் இருந்துச்சு. புதுசு இதே நம்பர்ல வந்து நிக்கும்னு நெனைக்கல. வெளிய போறதெல்லாம் ஃபயர்வாலோடயே நின்னிருக்கு."

"நெனைக்கிறதுக்கு நேரம் எங்க? பதில்தான் வந்துட்டே இருந்துச்சே."

"கேலி பண்ணாதீங்க மேடம்."

"சரி."

"ரவுட்டர் நம்பர மாத்திரலாம்லா?"

"மாத்துங்க."

"காலையில வேற விஷயமா ரவுட்டருக்குள்ள போகப் பாத்தேன். மாட்டிட்டுப் போனவன் பாஸ்வேர்டு தர மாட்டேங்கான். கம்பெனிப் பெட்டியாம்."

ஜுலேகா கையிலிருந்த கேபிளை மேசையில் வைத்தார்.

"அப்ப என்னோடதத்தான் மாத்தணும். ஃபயர்வால்ல ஆரம்பிச்சு, அதோட நம்பர வச்சு ஓடுற மெயிலு, கோப்பு எல்லாத்துலயும் ஒண்ணொண்ணா. எல்லாம் நானே கையால அடிச்சு வச்ச நம்பர். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"தெரியும்."

"நாலு மணிக்குள்ள முடியுமா மேடம்?"

"சொல்ல முடியாது."

"முடியலன்னா?"

"அவங்க வெளிய நின்னு கூப்பிடுவாங்க. ஒங்களுக்கு உள்ள பதில் வந்துட்டே இருக்கும்."

அருமைநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்தார். ஃபயர்வாலுக்குள் போய், தான் வைத்த எண்ணைப் பின்னாலிருந்து ஒவ்வோர் இலக்கமாக அழித்தார். வேறு எண்ணை அடித்தார்.

திரையில் பதில் நின்றது.

"இப்பக் கேபிள மாட்டலாம்," என்றார் ஜுலேகா.